மான் மார்பும் அம்பின் அலகும்

சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கிய கள்ளழகர் இரவு வந்து தங்குகிற வண்டியூரிலிருந்து வைகையின் போக்கிலேயே தென்கிழக்காகப் போனால், பத்து கிலோமீட்டருக்குள் கீழடி வந்துவிடும். அங்கே தோண்டிய குழிகளில் செங்கல் கட்டுமானங்களும் பானை ஓடுகளும் கிடைத்த செய்தி ஊரறிந்தது. அதே குழிகளிலிருந்து விலங்கு எலும்புகளும் வந்தன. எழுபது எலும்புத் துண்டுகளைப் புனேயின் டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு. இவற்றோடு நீல்காய் மான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் இருந்தன. மானினத்தின் எலும்புகளிலும் பன்றியின் எலும்புகளிலும் வெட்டுத் தழும்புகள் தெரிந்தன. கறிக்காக அறுத்த கத்தியின் தடம் அது.

மாட்டையும் ஆட்டையும் பட்டியில் பிடிக்கலாம். வெளிமான் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் விலங்கு. மறைவே இல்லாத புல்வெளியில் வாழ்வது. அதை வைகைக் கரைக்காரர்கள் எதைக் கொண்டு வீழ்த்தினார்கள்? வலை இருந்திருக்கும், நாய் இருந்திருக்கும், எறிகருவியான வளரி இருந்திருக்கும். அம்பும் இருந்தது. கீழடியில் எலும்பால் செய்த முனைகள் கிடைத்திருக்கின்றன. தெற்கே ஆதிச்சநல்லூரில் 1899க்கும் 1905க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு அம்புமுனைகளும் வெளிவந்தன. அதே தாமிரபரணிப் பக்கம் சிவகளையில் கத்தி, உளி, கோடரி, வாள் ஆகியவற்றோடு அம்புமுனைகளும் கிடைத்தன. அங்கே எடுத்த மாதிரிகளின் காலக்கணிப்பை வைத்துத் தமிழ்நாட்டு இரும்பின் தொன்மை கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்தது.

அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த முனைகளை நாம் ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவற்றின் அகலம், நீளம், விளிம்பு, எடை ஒவ்வொன்றும் யாரோ ஒரு கொல்லர் யோசித்துத் தேர்ந்தது. இன்று அமெரிக்காவில் குறுக்குவில் என்னும் எந்திர வில்லைக் கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர் கடையில் நின்று எந்த முனையை வாங்குவது என்று தடுமாறுகிறாரே, அதே கேள்விகள்தான் அந்தக் கொல்லர் முன்னும் இருந்தன. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விகளின் இயற்பியலைப் பற்றியது.

பந்தும் அம்பும்

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். இன்றைய குறுக்குவில்லின் அம்பு ஏறத்தாழ 26 கிராம் எடை. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 130 ஜூல். இப்போது ஒரு வேகப்பந்து வீச்சாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 144 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 40 மீட்டரில் வீசுகிறார். அந்தப் பந்தின் ஆற்றல் 128 ஜூல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பந்து விலாவில் பட்டால் கன்றிப்போகும், கெட்ட வேளையாக இருந்தால் எலும்பு விரியும். அம்போ மானின் மார்புக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். ஆற்றல் சமமாக இருந்தும் விளைவு இவ்வளவு வேறுபடக் காரணம், அந்த ஆற்றல் எந்தப் பரப்பின் மேல் இறங்குகிறது என்பதுதான். பந்து சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் மோதுகிறது. கூராகத் தீட்டிய 28 மில்லிமீட்டர் அகல அலகின், அதாவது முனையின் வெட்டுத் தகட்டின், விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். மொத்த விளிம்பையும் சேர்த்தால்கூட அரைச் சதுர மில்லிமீட்டர் தேறாது. அழுத்தம் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

துப்பாக்கிக் குண்டோடு ஒப்பிட்டால் அம்பின் இயல்பு இன்னும் துலங்கும். பெரிய விலங்குகளுக்கான துப்பாக்கியின் 9.7 கிராம் குண்டு விநாடிக்கு 830 மீட்டரில் போகும்போது 3,300 ஜூலுக்கு மேல் சுமந்து செல்கிறது. அம்பைப்போல இருபத்தைந்து மடங்கு. குண்டு உடலுக்குள் அந்த ஆற்றலைக் கொட்டித் திசுக்களைச் சிதைக்கிறது. அம்பிடம் அப்படிக் கொட்டுவதற்கு ஆற்றல் இல்லை. அது இரத்த நாளங்களை அறுத்தாக வேண்டும். அம்பு என்பது தொலைவிலிருந்து அனுப்பப்படும் ஒரு கத்தி. வில், நாண், தண்டு, இறகு எல்லாம் அந்தக் கத்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடுகள்.

நம் பக்கத்து வளரியை இதற்கு எதிர்முனையில் வைக்கலாம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் மானையும் முயலையும் வேட்டையாடப் பயன்பட்ட வளைந்த எறிகருவி அது. சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வளரியின் பலம் அதன் எடையும் சுழற்சியும். காலை முறித்து விலங்கை நிறுத்துவது அதன் வேலை. எலும்பு முறிய வேண்டுமானால் உந்தம் வேண்டும். நாளம் அறுபட வேண்டுமானால் விளிம்பு வேண்டும். ஒரே ஊரில், ஒரே விலங்குக்கு, இரண்டு வேறு இயற்பியல்கள் கருவியாக வடிவெடுத்திருந்தன.

மார்புக்குள் நடப்பது

எழுபது கிலோ எடையுள்ள ஒரு புள்ளிமானின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு வேகமாக வெளியேறினால் மூளைக்குப் போகும் இரத்த அழுத்தம் சரிந்து விலங்கு மயங்கி விழும். இன்னொரு வழியும் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவு. அந்த வேறுபாடுதான் நுரையீரலை விரித்துப் பிடித்திருக்கிறது. இருபுறமும் துளை விழுந்தால் வெளிக்காற்று புகுந்து இரண்டு நுரையீரல்களும் சுருங்கிவிடும். அம்பு உள்ளேயே தங்காமல் மறுபக்கம் வெளியேற வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதன் உடலியல் காரணம் இது. இரண்டு நுரையீரல்களும் சரியாக அறுபட்ட மான் சில விநாடிகளில் விழுந்துவிடும். வயிற்றிலோ தொடையிலோ பட்ட மான் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் துன்பப்பட்டுச் சாகும்.

விளிம்பின் தரம் இங்கே வந்து சேர்கிறது. மழுங்கிய முனை நாளத்தை நெரித்துக் கிழிக்கிறது. நைந்த நாளம் சுருங்கும், சிதைந்த திசு இரத்த உறைதலை விரைவுபடுத்தும். கூரிய விளிம்பு அறுத்த நாளத்தில் அந்த அடைப்பு எளிதில் நிகழாது. ஆகவே மழுங்கிய முனை விலங்கின் மேல் காட்டும் கருணை அல்ல. மழுங்க மழுங்க அதன் வேதனை நீள்கிறது.

கூர்மை வேலை செய்யும் விதத்தைப் பொருளறிவியலார் அளந்திருக்கிறார்கள். மென்மையான பொருளை மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுவதற்குத் தேவைப்படும் விசை அதிகம். அழுத்தும்போதே விளிம்பைப் பக்கவாட்டில் இழுத்தால் விசை வெகுவாகக் குறைகிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் டோனி அட்கின்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் பாலாடைக்கட்டியையும் பதப்படுத்திய இறைச்சியையும் வெட்டிப் பார்த்து 2004இல் இதற்கான கணக்கை வெளியிட்டார்கள். அம்பின் அலகு சாய்வாக அமைந்திருப்பதும் இதற்காகத்தான். அம்பு நேராக முன்னேறுகிறது. சாய்ந்த விளிம்பு அதே நேரத்தில் திசுவின் குறுக்கே வழுக்கிச் செல்கிறது. தள்ளலும் இழுப்பும் ஒரே அசைவில் நடக்கின்றன. சாய்வு நீளமாக இருந்தால் இழுப்பின் பங்கு கூடும், விசை குறையும்.

எத்தனை அலகு, எவ்வளவு அகலம்

இப்போது முனையைத் தேர்ந்தெடுப்போம். 28 மில்லிமீட்டர் அகலமுள்ள இரட்டை அலகு முனை 28 மில்லிமீட்டர் நீளத்துக்கு அறுக்கிறது. அதே விட்டத்தில் மூன்று அலகுகள் வைத்தால் ஒவ்வொன்றும் 14 மில்லிமீட்டர், மொத்தம் 42. நான்கு வைத்தால் 56. அறுபடும் நீளம் கூடக் கூட, குறுக்கே வரும் நாளம் தப்பும் வாய்ப்பு குறைகிறது. தடையும் அதே அளவில் ஏறுகிறது. ஆற்றல் கையிருப்பு மாறவில்லை. அகலமாக அறுத்தால் ஆழம் குறையும், ஆழமாகப் போக வேண்டுமானால் அகலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அம்புமுனைத் தேர்வின் மையச் சிக்கல் இது ஒன்றே.

எண்களில் பார்ப்போம். ஒரு முனைக்கு மான் மார்பின் சராசரித் தடை 200 நியூட்டன் என்றும் மார்பின் குறுக்களவு 30 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஊடுருவிச் செல்ல 60 ஜூல் போதும். 130 ஜூலோடு வரும் குறுக்குவில் அம்பு அந்த மார்பைக் கடந்தபின் 70 ஜூலை மிச்சம் வைத்திருக்கும். இப்போது பழைய மரவில் ஒன்றை எடுங்கள். 30 கிராம் அம்பை விநாடிக்கு 50 மீட்டரில் செலுத்துகிறது. ஆற்றல் 37.5 ஜூல். அதே 200 நியூட்டன் தடையில் அது 19 சென்டிமீட்டரில் நின்றுவிடும். முனையை ஒடுக்கி, நீட்டி, நன்றாகத் தீட்டித் தடையை 100 நியூட்டனாக்கிவிட்டால் அதே அம்பு 37 சென்டிமீட்டர் போகும். மறுபக்கம் வெளியேறிவிடும்.

வில்லில் ஒரு மாற்றமும் இல்லை, எய்தவரின் தோளில் கூடுதல் பலமும் இல்லை. உலைக்களத்தில் முனையைச் செய்தவரின் கைத்திறன் மட்டுமே ஆழத்தை இரட்டிப்பாக்கியது. வில்லாளியைப் பாடுகிற நாம் அந்தக் கொல்லரையும் சேர்த்துப் பாட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த எண்களிலிருந்து இன்றைய தேர்வும் விளங்கும். குறைந்த ஆற்றலுள்ள வில்லுக்கு ஒடுங்கிய, நீண்ட இரட்டை அலகு பொருந்தும். மிச்ச ஆற்றல் உள்ள குறுக்குவில்லுக்கு மூன்று, நான்கு அலகுகள் கட்டுப்படியாகும். பறக்கும்போது மடிந்திருந்து, உடலைத் தொட்டதும் விரிந்து ஐம்பது மில்லிமீட்டர் வரை அகலும் முனைகளும் சந்தையில் உண்டு. விரிவதற்கே ஒரு பங்கு ஆற்றல் செலவாகும். அசையும் உறுப்பு கூடினால் பழுதாகும் வாய்ப்பும் கூடும். சாய்வாகப் பட்டால் ஒரு அலகு மட்டும் விரிந்து அம்பு திசைமாறவும் கூடும்.

சட்டங்களும் இந்த இயற்பியலைப் பின்தொடர்கின்றன. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டை முனை குறைந்தது 7/8 அங்குலம், ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், அகலம் இருக்க வேண்டும். பின்நோக்கிய கொக்கி வைத்த முனைக்குப் பல இடங்களில் தடை உண்டு. குறி தவறிப் பட்ட விலங்கின் உடலிலிருந்து அது கழன்று விழாது என்பதே காரணம். பிரிட்டன் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் வில்லாலும் குறுக்குவில்லாலும் காட்டு விலங்குகளைக் கொல்வதை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. டென்மார்க் 1999இல் வில் வேட்டைக்கு அனுமதி தந்தது. ஒரே அறிவியல் சான்றை வைத்துக்கொண்டு நாடுகள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன.

உடையாத முனை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1980களில் எட் ஆஷ்பி என்ற அமெரிக்கர் பெரிய விலங்குகளின் உடல்களில் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று தொடர்ந்து சோதித்தார். அவர் முதலிடம் கொடுத்தது கூர்மைக்கோ எடைக்கோ அல்ல, முனை உடையாமலும் வளையாமலும் இருப்பதற்கு. இரண்டாமிடம் அம்பு நேராகப் பறப்பதற்கு. விலாவெலும்பில் பட்டு நுனி மடங்கிவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

கல்லும் இரும்பும் இங்கே பிரிகின்றன. கலிபோர்னியாவின் யாஹி இனத்தவரான இஷியிடம் வில்வித்தை கற்ற அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், எரிமலைக் கண்ணாடியில் செதுக்கிய முனையையும் எஃகு முனையையும் எய்து ஒப்பிட்டார். மென்திசுவில் கண்ணாடி முனைதான் ஆழமாகப் போனது. அதன் விளிம்புக்கு ஈடான கூர்மையை எஃகு எளிதில் எட்டாது. எலும்பில் பட்டால் கண்ணாடி நொறுங்கும். எஃகோ தாங்கும், மறுபடி தீட்டினால் அடுத்த நாளும் உதவும்.

இரும்பிலும் ஒரே தரம் இல்லை. கரிமம் குறைந்த தேனிரும்பில் அடித்த முனை வளையும், விளிம்பு சீக்கிரம் மழுங்கும். கரியோடு சேர்த்துச் சூடேற்றி எஃகாக்கினால் விளிம்பு நிற்கும். அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் நுனி தெறித்துவிடும். நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த உலைகளின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. கடினத்தன்மைக்கும் தாங்குதிறனுக்கும் இடையில் சரியான புள்ளியைப் பிடிப்பது இன்றைய முனைத் தொழிற்சாலைக்கும் முதன்மையான வேலை. கொடுமணல் கொல்லர்கள் அதை உலையின் நிறத்தையும் சுத்தியலின் ஒலியையும் கொண்டு செய்தாக வேண்டியிருந்தது.

தலைப்பாரமும் காற்றும்

வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு வில்லின் தண்டைச் சுற்றி வளைந்து நெளிந்தே போகிறது. குறுக்குவில்லின் அம்பு நடுத்தடத்தில் கிடந்து நேராகத் தள்ளப்படுகிறது. அந்த நெளிவு குறைவு. வேறொரு தொல்லை அதற்கு உண்டு. அது குட்டையானது, அரை மீட்டர்தான். வேகமோ மரவில் அம்பைப்போல இரண்டு மடங்கு.

முன்புறம் அகன்ற அலகு வைப்பது என்றால் அம்பின் தலையில் சிறு இறக்கைகளைப் பொருத்துவது என்றே பொருள். அம்பு ஒரு பாகை சாய்ந்தாலும் அந்த இறக்கைகள் காற்றைப் பிடித்துத் தலையை மேலும் திருப்பும். வால் இறகுகள் அதை நேராக்கப் பார்க்கும். காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறுவதால், விநாடிக்கு 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போகும்போது இந்த இழுபறி நான்கு மடங்காகிறது. மரவில்லில் ஒழுங்காகப் பறந்த அகல முனை குறுக்குவில்லில் திசைமாறுவது இதனால்தான். வேகமான குறுக்குவில்லுக்குக் குட்டையான, ஒடுங்கிய முனையையோ மடிந்து பறக்கும் முனையையோ தேர்கிறார்கள்.

மருந்து தலைப்பாரத்தில் இருக்கிறது. எடையின் மையம் அம்பின் நடுவிலிருந்து முன்னால் தள்ளியிருந்தால் வால் இறகுகளுக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. அவை எளிதாக அம்பை நேராக்கிவிடுகின்றன. அரை மீட்டர் அம்பில் அந்த மையம் நீளத்தின் பதினைந்து விழுக்காடு, அதாவது ஏழரை சென்டிமீட்டர் முன்னால் இருப்பது நல்ல அமைப்பு. கடைகளில் விற்கும் முனைகள் பெரும்பாலும் 6.5 கிராம், 8 கிராம், 9.7 கிராம் எடைகளில் வருகின்றன. வெறும் எடைத் தேர்வாகத் தெரியும் இது, உண்மையில் பறப்பின் சமநிலைத் தேர்வு.

எந்திர வில் மதுரைக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் காவல் பொறிகளை அடுக்கும்போது வளைவிற்பொறியைச் சொல்கிறது. தானே வளைந்து எய்யும் எந்திர வில் என்று உரைகாரர்கள் அதை விளக்குகிறார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவற்றைப் பற்றி 1924இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்.

ஒலி முந்திக்கொண்டால்

நாண் விடுபடும் ஓசை விநாடிக்கு 340 மீட்டரில் போகிறது. அம்பு வருமுன் மானின் காதுக்கு ஓசை வந்துவிடும். திடுக்கிட்ட மான் ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கி உடலைக் கீழே இறக்கும். எய்தவரின் குறி அதற்குமேல் போய்விடும்.

மான் ஓசையைக் கேட்டு அசையத் தொடங்க 0.15 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவில் அம்பு 30 மீட்டரைக் கடக்க 0.3 விநாடி. ஓசைக்கு 0.09 விநாடி. மானுக்கு மிஞ்சுவது 0.06 விநாடி. அதற்குள் புவியீர்ப்பில் உடல் 2 சென்டிமீட்டர்கூட இறங்காது. மரவில்லின் அம்புக்கு அதே தொலைவு 0.6 விநாடி. மானுக்கு 0.36 விநாடி கிடைக்கிறது. அதற்குள் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடலாம், அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடும். மரவில்லோடு பதினைந்து மீட்டருக்கு நெருங்கினால்தான் குறுக்குவில்லின் முப்பது மீட்டர் உறுதிக்கு ஏறக்குறைய ஈடு கிடைக்கும். குறுக்குவில்லும் ஐம்பது மீட்டரில் தோற்கிறது. அங்கே மான் இருபது சென்டிமீட்டர் இறங்க நேரம் உண்டு. இதயமும் நுரையீரலும் அடங்கிய இடத்தின் உயரமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

பழைய வேட்டுவர் காற்றுக்கு எதிர்த்திசையில் ஊர்ந்ததும், நீர்த்துறையில் இரவெல்லாம் அசையாமல் காத்திருந்ததும் இந்தப் பதினைந்து மீட்டருக்காக. எந்த முனையும் அந்தப் பொறுமைக்கு ஈடாகாது.

சிறு முனை, பெரு முனை

ஒரு முனை கையில் கிடைத்தால் அது அம்பினுடையதா, எறியீட்டியினுடையதா, குத்தீட்டியினுடையதா என்று எப்படிச் சொல்வது? அகலத்தையும் தடிமனையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் முனையின் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். இப்படிக் கணக்கிட்டுத் தொல்லியலாளர் ஜான் ஷியா 2006இல் தந்த சராசரிகள்: அம்புக்கு 33 சதுர மில்லிமீட்டர், எறியீட்டிக்கு 58, குத்தீட்டிக்கு 168. 22 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தட்டை முனைக்குக் கணக்கிட்டால் சரியாக 33 வருகிறது. அமெரிக்க மாநிலங்கள் பல கேட்கும் குறைந்தபட்ச அகலமும் ஏறத்தாழ அதே 22தான்.

இலங்கையின் பாகியன்கலைக் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் 48,000 ஆண்டு பழமையானவை, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில் அம்புக்கு மிகப் பழைய சான்று என்று 2020இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. அங்கே வேட்டையாடப்பட்டவை பெரும்பாலும் மழைக்காட்டுக் குரங்குகளும் அணில்களும். மரத்தின் மேலிருக்கும் சிறு உடலுக்கு ஊசி போன்ற முனை போதும். சமவெளி மானுக்கு அலகு வேண்டும். இரையின் உடலளவு முனையின் வடிவில் பதிந்திருக்கிறது.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர், வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியைக் கிடத்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தங்கியது என்று பாடினார். எந்த மரவில்லும் அந்த ஆற்றலைத் தர முடியாது. யானைத் தோலே இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் வரை போகும். இருந்தாலும் அந்த வரிசையைக் கவனியுங்கள். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிறது. ஒவ்வோர் உடலும் அம்பின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, கடைசிப் பங்கு உடும்புக்குச் செல்கிறது. மிகைப்படுத்தும்போதும் புலவர் அம்பின் நடத்தையை மீறவில்லை. கேட்டவர்கள் அம்பை அறிந்தவர்கள்.

இன்று இந்த அறிவு எதற்கு

இந்தியாவில் மான் வேட்டை குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக்கான முயற்சியும் வேட்டையாகவே கருதப்படும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கீழடி எலும்புகளில் இருந்த நீல்காய் இன்று மதுரைச் சமவெளியில் இல்லை. வெளிமானைத் தென்கோடியில் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாட்டுக்குப் போக வேண்டும். விலங்குகள் இவ்வளவு சுருங்கிவிட்ட நிலத்தில் எவ்வளவு நல்ல முனையும் நியாயம் பெறாது. கண்ணியும், தீனிக்குள் வெடி வைத்த அவுட்டுக்காயும் செய்கிற கொடுமையோ அம்பைவிடப் பல மடங்கு. வாய் சிதைந்த யானை பட்டினியால் சாக நாள்கள் ஆகின்றன.

முனையின் இயற்பியல் இன்று விலங்கைக் காப்பாற்றவும் உதவுகிறது. 2023 சூன் 5ஆம் நாள் தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் யானையை மயக்க ஊசி எய்து பிடித்தார்கள். அந்த ஊசிக்கும் அம்புக்கும் ஒரே சமன்பாடுகள், தலைகீழ் நோக்கம். ஊசி தோலைக் கடந்து தசையில் நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டரும் போகக் கூடாது. திமிங்கிலங்களை ஆராய்கிறவர்கள் குறுக்குவில்லையே பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய அம்பின் தலையில் குழல் போன்ற சிறு முனையும் அதைச் சுற்றி ஒரு தடுப்பு வளையமும் உண்டு. சிறு துண்டுத் தோலை எடுத்துக்கொண்டு அம்பு மிதந்துவிடும். அந்தத் தோலிலிருந்து மரபணு படிக்கப்படும்.

இன்னொரு வேலை நமக்கே காத்திருக்கிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொடுமணல் முனைகளின் எடை, அகலம், தடிமன், விளிம்புக் கோணம் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் அளந்து ஒரே அட்டவணையில் வெளியிட வேண்டும். அதே அளவில், அதே கரிமத்தில் கொல்லர்களைக் கொண்டு நகல்கள் செய்து, அளவிட்ட விசையுள்ள குறுக்குவில்லால் எய்து பார்க்க வேண்டும். சோதனைக்கு ஜெலட்டின் கட்டி மட்டும் போதாது. அது தண்டைப் பற்றிக்கொண்டு ஆழத்தைக் குறைத்துக் காட்டும், ஆகவே களிமண்ணும் தோலும் சேர வேண்டும். ஒரு விலங்கையும் தொடாமல் இதைச் செய்யலாம். மதுரையின் பொறியியல் கல்லூரி ஒன்றும் தொல்லியல் துறையும் கைகோத்தால் போதும். எது மானுக்கான முனை, எது போருக்கான முனை, எது இறந்தவரோடு வைப்பதற்கென்றே செய்த கூரில்லாத முனை என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியும். தாழியில் வைத்த இரும்பு எதற்காக அடிக்கப்பட்டது என்பதை அதன் விளிம்பே சொல்லும். அதை அளக்கும் பொறுப்பு நம்முடையது.